ஹைதராபாத்தின் இரண்டு நூலகர்கள்

ஹைதராபாத் ஆர்டிசி கிராஸ் ரோட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், சிக்கட்பள்ளியில் இருக்கிறது நகர மத்திய நூலகம். காலையிலேயே போய்விட்டால்தான் அங்கே உட்கார இடம் கிடைக்கும். பக்கத்து அசோக் நகரின் கோச்சிங் சென்டர்களில் படிப்பவர்கள், கோச்சிங் கட்டணம் கட்ட வழியில்லாமல் தாங்களாகவே படிப்பவர்கள், தெலங்கானாவின் பல மாவட்டங்களிலிருந்து வந்து விடுதி அறைகளில் நெருக்கியடித்துத் தங்கியிருப்பவர்கள் என ஆயிரக்கணக்கான இளைஞர்களின் பகல் இங்கேதான் கழிகிறது. குரூப்-1, குரூப்-2, ஆசிரியர் தேர்வு, காவலர் தேர்வு என்று ஆளுக்கொரு இலக்கு. புத்தகத்தை அவர்களே கொண்டுவந்துவிடுகிறார்கள். நூலகம் தர வேண்டியது ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சத்தமில்லாத சில மணி நேரம். தெலங்கானாவின் வேலையின்மை பற்றிப் பேச வருகிற அரசியல்வாதிகளும் பத்திரிகையாளர்களும் முதலில் தேடி வரும் இடங்களில் இதுவும் ஒன்று.

அந்த மேசைகளில் காத்திருப்பவர்களிடையே நூலக அறிவியல் படித்தவர்களும் உண்டு. 2022 இறுதியில் தெலங்கானா அரசுப் பணியாளர் தேர்வாணையம் 71 நூலகர் பணியிடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டது. அத்தனையும் இடைநிலைக் கல்வித் துறைக்கும் தொழில்நுட்பக் கல்வித் துறைக்கும் உரியவை. அதாவது ஜூனியர் காலேஜ்களுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும். பொது நூலகங்களுக்கு அந்த அறிவிக்கையில் ஓர் இடமும் இல்லை.

மேசைக்கு இந்தப் பக்கம் காத்திருக்கும் இளைஞரைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அந்தப் பக்கம், பதிவேட்டோடு உட்கார்ந்திருக்கும் ஊழியரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அவர் வேலைக்குச் சேர்ந்த பிறகு தொழிலில் என்ன கற்றுக்கொள்கிறார், துறையில் நடப்பது அவருக்கு எப்படித் தெரியவருகிறது, மேலே போக அவருக்கு என்ன வழி இருக்கிறது என்பவைதான் இங்கே என் கேள்விகள். ஹைதராபாத்தில் இந்தக் கேள்விகளுக்கு இரண்டு விதமான பதில்கள் உண்டு. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே பட்டம் வாங்கிய இருவர், ஒருவர் ஆய்வு நிறுவனத்திலும் மற்றவர் பொது நூலகத்திலும் சேர்ந்துவிட்டால், அதற்குப் பிறகு அவர்களுடைய தொழில் வாழ்க்கை ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். ஹைதராபாத் சமஸ்தானத்தின் அரசு நூலகமான ஆசபியா நூலகம் 1891இல் உருவானது. அதற்கு முன்கை எடுத்தவர் இமாதுல் முல்க் என்ற பட்டம் பெற்ற சையத் ஹுசைன் பில்கிராமி. 1936இல் அது மூசி ஆற்றங்கரையில், அப்சல்கஞ்சில், இன்று நாம் பார்க்கும் பெரிய கட்டடத்துக்கு வந்தது. அரபு, பாரசீகம், உருது நூல்களே அதன் முதல் செல்வம். அதே நகரில் தெலுங்கு வாசிப்பவர்களுக்கு இடமில்லாமல் இருந்ததால், 1901 செப்டம்பர் 1ஆம் தேதி ஸ்ரீகிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலையம் பிறந்தது. கொமர்ராஜு லட்சுமண ராவ், ராவிசெட்டு ரங்கா ராவ் போன்றோர் சொந்தப் பணத்திலும் நேரத்திலும் நடத்திய நூலகம் அது. மூன்றாண்டுகளில் ஹனம்கொண்டாவில் இன்னொன்று. நிஜாம் ஆட்சியில் தெலுங்கு மொழிக்காகக் கூடிப் பேசுவதற்கு நூலகமே பாதுகாப்பான கூரையாக இருந்தது.

இந்த நூலகங்களை நடத்தியவர்கள் ஆசிரியர்கள், வக்கீல்கள், மாணவர்கள். நூலகத் தொழில் அவர்களுக்குத் தெரியாது. தெரியாது என்பதை உணர்ந்திருந்தது அவர்களுடைய பெருமை. 1914இல் விஜயவாடாவில் ஆந்திர தேச நூலகச் சங்கம் அமைந்தது. அய்யங்கி வெங்கட ரமணய்யா அதன் உயிர்நாடி. சங்கம் தொடங்கிய சில காலத்திலேயே 'கிரந்தாலய சர்வஸ்வமு' என்ற தெலுங்கு இதழ் வந்துவிட்டது. 1920இல் நூலக ஊழியர்களுக்குப் பயிற்சி வகுப்பும் நடத்தினார்கள். நூலகச் சட்டமோ வரியோ சம்பளமோ இல்லாத காலம். ஆனால் தொழிலுக்கென்று ஓர் இதழும் ஒரு வகுப்பும் இருந்தன. அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது: முதலில் வேலை செய்கிறவர்களுக்கு இடையே செய்தி ஓடியது, பிறகுதான் அரசு வந்தது.

சென்னையிலும் அதே வரிசைதான். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன், 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாகத் துணைநின்றார். 1929இல் சங்கத்தின் சார்பில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பிறகு பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. சட்டம் வர இன்னும் இருபது ஆண்டு ஆகும். 1950களில் ரங்கநாதன் தன் வாழ்நாள் சேமிப்பான ஒரு லட்ச ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரில் நூலக அறிவியலுக்கு ஒரு பேராசிரியர் இருக்கையை நிறுவினார். கட்டடத்துக்கோ சிலைக்கோ போகாமல் நூலகர்களின் படிப்புக்குப் போன பணம் அது.

சட்டம் 1948இல் வந்தது. சென்னைப் பொது நூலகச் சட்டம் இந்தியாவின் மாகாணங்களில் முதலாவது. சொத்து வரியில் ரூபாய்க்கு ஆறு பை என்று நூலக வரி வைத்து, அந்தப் பணம் நூலகத்துக்கே என்று ஒதுக்கிய ஏற்பாடு. ஹைதராபாத் மாநிலம் 1955இல் தனிச் சட்டம் இயற்றியது. ஆசபியா நூலகம் அரசு மத்திய நூலகமானது. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது ஒரே ஆந்திரப் பிரதேசத்துக்குள் இரண்டு சட்டங்கள் நடைமுறையில் இருந்தன: ஆந்திரப் பகுதியில் சென்னைச் சட்டம், தெலங்கானாவில் ஹைதராபாத் சட்டம். 1960இல் இரண்டையும் ஒன்றாக்கி ஆந்திரப் பிரதேச பொது நூலகச் சட்டம் வந்தது. மாவட்டந்தோறும் ஜில்லா கிரந்தாலய சம்ஸ்தா என்ற நூலக அமைப்பு, ஹைதராபாத் நகருக்குத் தனியே நகர கிரந்தாலய சம்ஸ்தா. நூலக வரி இன்று அங்கே சொத்து வரியில் ரூபாய்க்கு 8 காசு. தமிழ்நாட்டில் 10 காசு. 2014இல் தெலங்கானா தனி மாநிலமான பிறகும் அதே அமைப்பு தொடர்கிறது.

மாநகராட்சி வசூலித்த நூலக வரி முழுதாகச் சம்ஸ்தாவின் கைக்கு வந்து சேரவில்லை என்ற புகார் ஹைதராபாத் நாளிதழ்களில் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வருகிறது. அது தனிக் கட்டுரைக்கான பொருள். வரி முழுதாக வந்தாலும் தீராத ஒரு குறையைப் பற்றியே இங்கே பேச நினைக்கிறேன். சட்டம் நூலக வரியைப் பற்றியும் குழுக்களைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறது. பணியில் இருக்கும் நூலகர் தொடர்ந்து கற்க வேண்டும், அதற்கு நேரமும் பணமும் தர வேண்டும் என்பதை அந்தச் சட்டங்களின் காலம் ஒரு கடமையாக எண்ணவில்லை.

இனி நகரத்தின் இன்னொரு பக்கம். நாட்டில் ஆய்வு நூலகங்கள் நெருக்கமாக அமைந்த நகரங்களில் ஹைதராபாத் ஒன்று. உஸ்மானியா பல்கலைக்கழகம் 1918இல் தொடங்கியது. அங்கே நூலக அறிவியல் 1959 முதல் கற்பிக்கப்படுகிறது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், மௌலானா ஆசாத் உருதுப் பல்கலைக்கழகம், ஆங்கில - அயல்மொழிப் பல்கலைக்கழகம், பட்டன்செருவில் 1972 முதல் இயங்கும் பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட், ராஜேந்திர நகரில் வேளாண் ஆராய்ச்சி மேலாண்மைக் கழகமும் ஊரக வளர்ச்சி நிறுவனமும், தார்நாக்கா - ஹப்சிகுடா பக்கம் செல் - மூலக்கூறு உயிரியல் மையம், வேதித் தொழில்நுட்ப நிறுவனம், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ஒவ்வொன்றிலும் ஒரு நூலகம், அதில் பயிற்சி பெற்ற நூலகர்.

இவர்களுக்கு வலையமைப்பு என்பது அன்றாட விஷயம். அறிவியல், தொழில்நுட்பத் தகவலுக்காக மத்திய அரசு 1977இல் தொடங்கிய நிசாட் திட்டத்தின் துணையோடு 1980, 90களில் பெரிய நகரங்கள் ஒவ்வொன்றிலும் நூலக வலையமைப்பு முளைத்தது. கல்கத்தாவில் காலிப்நெட், சென்னையில் மாலிப்நெட், அகமதாபாதில் அடிநெட். ஹைதராபாதுக்கும் ஹைலிப்நெட் என்று ஒன்று வந்தது. ஒரு நகரத்து நூலகங்களின் பட்டியலைச் சேர்த்து வைத்து, இல்லாத நூலைப் பக்கத்து நூலகத்திலிருந்து வாங்கித் தருவதே இவற்றின் நோக்கம். டெல்லியில் 1988இல் இந்தியா இன்டர்நேஷனல் சென்டரில் தொடங்கிய டெல்நெட் நாடு முழுதும் பரவி நிலைத்தது. பல்கலைக்கழக மானியக் குழு 1991இல் தொடங்கிய இன்ஃப்லிப்நெட், மின் இதழ்களையும் சோல் என்ற நூலக மென்பொருளையும் கல்லூரிகளுக்குக் கொண்டுபோனது. இணையம் வந்து, நிசாட்டும் முடிந்தபோது நகர வலையமைப்புகளில் பல மங்கிவிட்டன. அகமதாபாதின் அடிநெட் மட்டும் செய்திமடல், பயிலரங்கு, நூலகர் சந்திப்பு என்று உயிரோடு இருந்ததற்குக் காரணம், அது பட்டியலோடு நிற்காமல் நூலகர்களையும் ஓர் இடத்தில் சேர்த்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டியலை இணையம் எடுத்துக்கொண்டது. சக நூலகரோடு உட்கார்ந்து பேசுவதை அது எடுத்துக்கொள்ளவில்லை.

கல்லூரி, பல்கலைக்கழக நூலகர்களுக்கு இன்னொரு பலமும் உண்டு. மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, முதல் பதவி உயர்வுக்கே 21 நாள் அறிமுகப் பயிற்சியும், தானியக்கம், மின்னாக்கம் போன்றவற்றில் குறைந்தது ஐந்து நாள் பயிலரங்கும் முடித்திருக்க வேண்டும். அடுத்தடுத்த படிகளுக்கும் இப்படியே. கற்றுக்கொள்ளாவிட்டால் உயர்வு இல்லை. ஆகவே நிறுவனம் விடுப்பு தந்தாக வேண்டும். ஆகவே பயிற்சி மையங்கள் வகுப்பு நடத்தியாக வேண்டும். ஹைதராபாதிலேயே உஸ்மானியா, மத்தியப் பல்கலைக்கழகம், உருதுப் பல்கலைக்கழகம் மூன்றிலும் அத்தகைய ஆசிரியப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. சம்பிரதாயமாக உட்கார்ந்துவிட்டு வருகிறவர்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும் ஐந்து நாள் ஒரே அறையில் உட்கார்ந்தால் ஐம்பது நூலகர்களின் தொலைபேசி எண்களாவது கைக்கு வரும். எங்கே என்ன வேலை காலியாகிறது, எந்த மென்பொருள் தொல்லை தருகிறது, எந்த இதழ் விலை ஏற்றிவிட்டது என்ற செய்தி அந்த எண்களின் வழியாகத்தான் ஓடுகிறது.

பொது நூலகத்தின் கிளை ஊழியருக்கு இந்த விதி பொருந்தாது. அவருக்குத் துறை நடத்தும் கூட்டம் உண்டு. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரக் கொண்டாட்டம் உண்டு. ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை 1972 முதல் மாநிலங்களுக்குத் தரும் உதவியில் கருத்தரங்கு, பயிற்சிக்கான இனமும் உண்டு. ஆனால் அவர் கற்றுக்கொண்டால் என்ன, விட்டால் என்ன என்பதற்குச் சம்பளப் பட்டியலில் ஓர் அடையாளமும் கிடையாது. படிக்க ஆசைப்பட்டவர்களுக்கு ஹைதராபாத் ஒரு நல்ல வழியைத் திறந்தது: 1982இல் இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இங்கேதான் அமைந்தது, பின்னர் டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் பெயரைப் பெற்றது. வேலையில் இருந்துகொண்டே நூலக அறிவியல் பட்டம் வாங்கியவர்கள் பலர் அதன் வழி வந்தவர்கள். அது தனிமனித முயற்சி. துறை அவர்களுக்குச் செய்துகொடுத்த ஏற்பாடு அல்ல.

இதனால் வாசகருக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். ஒரே ஒரு வேலையை அருகில் வைத்துப் பார்ப்போம். அப்சல்கஞ்ச் நூலகத்தைப் போன்ற ஓரிடத்தில் பழைய உருது நூல் ஒன்றைக் கணினிப் பட்டியலில் ஏற்ற வேண்டும். டியூயி பகுப்பில் உருது இலக்கியம் 891.439, தெலுங்கு 894.827, தமிழ் 894.811. எண் போடுவது எளிய பகுதி. அடுத்து, கணினிப் பட்டியலுக்கான பொது வடிவமான மார்க் 21இல் பதிவு. நூலாசிரியர் பெயருக்கு 100ஆம் புலம், நூல் தலைப்புக்கு 245. இவை ரோமன் எழுத்தில் இருந்தால், மூல எழுத்தில் உள்ள வடிவத்தை 880ஆம் புலத்தில் இணைக்க வேண்டும். அதுவும் வலமிருந்து இடமாக, யூனிகோடில். இதைச் செய்யாவிட்டால் உருதுவில் தேடுகிற வாசகருக்கு அந்த நூல் அகப்படாது. அலமாரியில் இருக்கும், தேடினால் வராது.

அதைவிடக் கடினம் பெயர். ஹைதராபாத் பிரமுகர்களுக்கு இயற்பெயர் ஒன்று, நிஜாம் அளித்த பட்டங்கள் பல. ஆசபியா நூலகத்தை நிறுவிய பில்கிராமியையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு நூலின் அட்டையில் சையத் ஹுசைன் பில்கிராமி, இன்னொன்றில் நவாப் இமாதுல் முல்க் பகதூர். இருவரும் ஒருவரே என்று சொல்லும் பெயர் ஆணைப் பதிவு ஒன்றை உருவாக்கி, எல்லா வடிவங்களையும் அதோடு கட்டினால்தான் பட்டியல் பட்டியலாகும். இல்லையென்றால் ஒரே மனிதர் இரண்டு மூன்று பேராகச் சிதறிக் கிடப்பார். இந்த வேலைக்கு உருது எழுத்து தெரிய வேண்டும், மார்க் தெரிய வேண்டும், நகரத்தின் வரலாறும் கொஞ்சம் தெரிய வேண்டும். வேலைக்குச் சேரும்போது ஒருவரிடம் மூன்றும் இருப்பது அரிது. சேர்ந்த பிறகு கற்றுத்தரலாம்; கற்றுத்தரக்கூடியவர்கள் சில கிலோமீட்டரில், உருதுப் பல்கலைக்கழகத்திலும் உஸ்மானியாவிலும் இருக்கிறார்கள்.

இன்னொரு நிகழ்வு. சிக்கட்பள்ளிக்கு அருகே பாக் லிங்கம்பள்ளியில் சுந்தரய்யா விஞ்ஞான கேந்திரம் இருக்கிறது. அப்துஸ் சமத் கான் என்பவர் தன் வாழ்நாளெல்லாம் திரட்டிய உருது நூல்களும் இதழ்களும், சிகாகோ பல்கலைக்கழகம் உள்ளிட்ட அமெரிக்க நூலகங்களின் துணையோடு அங்கே வந்து சேர்ந்தன. சென்னையில் 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவான வழியும் இதுவே என்பதால் தமிழ் வாசகருக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது. 2000 ஆகஸ்டில் ஹைதராபாத்தைப் புரட்டிப்போட்ட வெள்ளம் அந்தச் சேகரத்துக்குள்ளும் புகுந்தது. நனைந்த நூலை வெயிலில் விரிப்பதே நம் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் தாள் சுருங்கும், மை கலையும், ஏடுகள் ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும் என்பதால், உடனே காய வைக்க முடியாத அளவுக்கு நூல்கள் இருந்தால் அவற்றை உறையவைத்துவிட்டுப் பிறகு நிதானமாக உலர்த்த வேண்டும். வெள்ளத்துக்கு முந்தைய நாள் இது தெரிந்திருந்தால்தான் பயன். மூசி 1908இல் நகரத்தையே அடித்துச் சென்ற ஆறு; அதன் கரையில்தான் அரசு மத்திய நூலகம் நிற்கிறது. அங்கே பணியாற்றும் ஒவ்வொருவருக்கும் இந்தப் பாடத்தைக் கற்பிக்க எத்தனை நாள் பிடிக்கும்? ஒரு நாள் போதும்.

தமிழ்நாட்டை முன்மாதிரியாகக் காட்டும் எண்ணம் எனக்கு இல்லை. 1972இல் தனியான பொது நூலகத் துறை, பிறகு அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் எனப் பெருமைப்பட நிறைய உண்டு. ஊர்ப்புற நூலகர், மூன்றாம் நிலை, இரண்டாம் நிலை, முதல் நிலை என்று ஏணி காகிதத்தில் தெளிவாக இருக்கிறது. ஆண்டுதோறும் நல்நூலகர் விருது தருகிறார்கள். ஒரு கிராமத்து நூலகரின் பெயர் செய்தித்தாளில் வருவது அந்த ஒரு நாளில்தான். ஆனால் ஊர்ப்புற நூலகராகச் சேர்ந்தவர் அடுத்த படி ஏற எவ்வளவு காலம் காத்திருக்கிறார் என்பதை அந்தத் துறை நண்பர் யாரைக் கேட்டாலும் சொல்வார். பதவி உயர்வுக்கும் கற்றலுக்கும் உள்ள தொடர்பு அங்கேயும் தளர்ந்தே இருக்கிறது.

உலக நூலகச் சங்கக் கூட்டமைப்பான இஃப்லாவும் யுனெஸ்கோவும் 2022இல் புதுப்பித்த பொது நூலக அறிக்கை, நூலகரின் தொடர் கல்வியைச் சேவையின் தவிர்க்க முடியாத பகுதியாக வைக்கிறது. 1994ஆம் ஆண்டு வடிவத்திலும் அது இருந்தது. இந்தியா இதை அறியாத நாடு அல்ல. மானியக் குழு தன் நூலகர்களுக்கு அதைச் செய்துகாட்டியிருக்கிறது. அதே விதியைச் சிக்கட்பள்ளி வரை நீட்டவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அவசரம் கூடியிருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300க்கு மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள், பொறுப்பு இன்ஃப்லிப்நெட்டிடம். 2025 ஜனவரியிலிருந்து நடைமுறை. உஸ்மானியாவின் மாணவருக்கு இது கிடைக்கும். சிக்கட்பள்ளியில் உட்கார்ந்திருக்கும், பட்டம் முடித்து நிறுவனத்தை விட்டு வெளியே வந்துவிட்ட இளைஞருக்குக் கிடைக்காது. திட்டத்தின் பிற்காலக் கட்டமாகப் பொது நூலகங்கள் வழியே எல்லாக் குடிமக்களுக்கும் இதைத் திறப்பது பற்றிப் பேசப்பட்டிருக்கிறது. அந்த நாள் வந்தால் கணினித் திரைக்கு முன் வாசகரை உட்காரவைத்து, எந்த இதழை நம்பலாம், எப்படித் தேடலாம் என்று சொல்லித்தர வேண்டியவர் இன்று நாற்காலி எண்ணிக்கையைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஊழியர்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. நூலக வரி வருவாயில் ஒரு பங்கைப் பயிற்சிக்கென்றே ஒதுக்குவது. ஆண்டில் ஐந்து நாளைப் பணிநாளாகவே கணக்கிட்டுப் பல்கலைக்கழகப் பயிற்சி மையங்களில் பொது நூலக ஊழியர்களுக்கு இருக்கை தருவது. அந்த ஐந்து நாளைப் பதவி உயர்வுக்கான தகுதியில் சேர்ப்பது. பணியிடம், பயிலரங்கு, உதவித்தொகை பற்றிய செய்தி கிளை நூலகம் வரை சேரும்படி, தெலுங்கிலும் உருதுவிலும் ஒரு மாதச் செய்திமடலை அரசு மத்திய நூலகமே வெளியிடுவது. 'கிரந்தாலய சர்வஸ்வமு' நடத்திய தலைமுறையிடம் இதற்கான பணம் இருந்ததில்லை. இன்றைய சம்ஸ்தாக்களுக்குச் சட்டப்படி வரும் வருமானம் இருக்கிறது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விதிகளைத் திருத்தும் அதிகாரம் மாநில அரசிடமே இருக்கிறது. டெல்லியின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.